ஜனவரியில் மட்டும் பார்த்த மலை

தம்பி,

‘மதிப்பிற்குரிய புவியியல் துறைத் தலைவர் அவர்களுக்கு’ என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடித்துவிட்டேன். நீ இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் நானும் சில வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதன் வலது கை ஆடும், சாய்ந்தால் கிறீச்சென்று கத்தும். அதில் உட்கார்ந்தவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் துறைத் தலைவருக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்து, என் மகனுக்கு எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேம்மா, சாயந்தரம் கூப்பிடறேன்” என்கிறாய். எந்தச் சாயந்தரம் என்று சொல்வதில்லை. வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் அனுப்புகிறாய். போன மாதம் ‘உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம்’ என்று எழுதியதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. அச்சில் வந்தால் யாராவது ஒருத்தர் உன்னிடம் வந்து “சார், உங்க அம்மா எழுதியிருக்காங்களே” என்பார்கள். அப்போது கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். அது மட்டுமல்ல. நாம் செய்த தப்பை வேறு ஊரில் வேறு துறைகளும் செய்துகொண்டிருக்கலாம். அவர்களும் படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு அழைப்பிதழை அனுப்பியிருந்தாய். ஜவ்வாது மலையில் நம் துறைக்கு ஒரு கள ஆய்வு நிலையம், தை மாதம் அடிக்கல் நாட்டு விழா. நடுவில், கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயரைப் போடுவதுபோல் சாய்வெழுத்தில் என் பெயர். நிலையத்துக்கு என் பெயரை வைத்திருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த அழைப்பிதழைத் தெருவெல்லாம் காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் இடம் எது என்று படித்தேன். கீழே நீயே எழுதியிருந்தாய்: ‘நம்ம டென்ட் கொல்லிதாம்மா! சர்ப்ரைஸ்!’ அதைப் படித்ததும் வந்த அழுகையெல்லாம் உள்ளே போய்விட்டது.

உன் திட்டத்தை நான் முழுசாகப் படிக்காமல் கத்துகிறேன் என்று நினைக்காதே. படித்தேன். பாதிக்கு மேல் நல்ல திட்டம். எங்கள் காலத்தில் முகாமுக்கு வந்த பெண் பிள்ளைகள் பகலெல்லாம் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஒதுங்க இடம் கிடையாது என்பதுதான் காரணம். அதை நீ சின்னப் பையனாக இருந்து பார்த்திருக்கிறாய். உன் திட்டத்தில் ஆய்வுக்கூடத்துக்கு முன்னால், டிரோனுக்கு முன்னால், முதல் இனமாகப் பெண்களுக்குக் கழிப்பறை என்று போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காக உன்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. சுற்று வட்டாரத்துக் கல்லூரிகளில் புவியியலை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள் என்பதும், ஏதாவது ஒன்றைக் கட்டிக் காட்டாவிட்டால் நம் துறையையும் வேறு எதனுடனாவது சேர்த்துவிடுவார்கள் என்று நீ தூக்கமில்லாமல் அலைகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். துறையைக் காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை. அதை நீ செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொல்லியில் செய்யாதே என்கிறேன்.

மலையில் மானாவாரிப் பயிர் நிலத்தைக் கொல்லி என்பார்கள். அந்தக் கொல்லிக்கு ‘டென்ட் கொல்லி’ என்று பெயர் வைத்தவனே நீதான். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு முகாம். பகலில் உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் உன்னையும் குரங்குக் குல்லா போட்டுத் தூக்கிக்கொண்டு வருவேன். “உங்கம்மா ஜனவரி மாமியார் வூட்டுக்குக் கெளம்பிட்டா” என்று உங்கள் அப்பா பஸ் ஏற்றிவிடுவார். மலைப்பாதை வளைவில் நீ தவறாமல் வாந்தி எடுப்பாய். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கவரோடு ஒரு மாணவி பக்கத்தில் உட்காருவாள். ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடந்து, சரிவுக்குக் கீழே இருக்கும் அந்தச் சமதளத்தில் டென்ட் அடிப்போம். கொல்லிக்காரப் பெரியவர் வந்து ஒரு பார்வை பார்ப்பார். “அறுப்பு முடிஞ்சிச்சி, போட்டுக்குங்க” என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார். நாங்களும் ஒவ்வொரு வருஷமும் “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டுக் கூடாரத்து முளையை அடிப்போம். பாயை விரித்தால் கீழே அறுத்த சாமையின் அடித்தாள் குத்தும். நீ முதுகைச் சொறிந்துகொண்டு அழுவாய்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. முகாமில் ஒவ்வொரு செட் மாணவர்களும் அந்தப் பள்ளத்தாக்குக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் போட வேண்டும். காடு என்றால் பச்சை, விளைநிலம் என்றால் மஞ்சள், தரிசு என்றால் பழுப்பு. கணக்கெடுக்கிற நாளில் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதைப் போடு என்பது விதி. ஆகவே அறுப்பு முடிந்த கொல்லியில் படுத்துக்கொண்டு, அறுப்பு முடிந்தது என்று சொன்ன மனுஷனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு, முதுகில் குத்திய தாளைத் தட்டிவிட்டுவிட்டு, அந்த இடத்துக்குப் பழுப்பு அடித்தோம். பாறை மேல் யாரோ காயவைத்திருந்த கொள்ளுப் பயற்றைப் பார்த்து அந்தப் பாறைக்கு மஞ்சள் அடித்த செட்டும் உண்டு. அதற்கு நான் திட்டினேன். கொல்லிக்குப் பழுப்பு அடித்ததற்கு மதிப்பெண் போட்டேன். இதை நான் பாவமன்னிப்பு கேட்கிற மாதிரி சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன். என் மேலும் எரிச்சல், எனக்கு முன்னால் இருந்தவர்கள் மேலும் எரிச்சல், பின்னால் வந்தவர்கள் மேல் இன்னும் கொஞ்சம் அதிக எரிச்சல்.

ஒரு வருஷம் நீ கலர் பென்சில் வேண்டும் என்று கத்தி ரகளை செய்தாய். பிள்ளைகள் உன் கையில் பழுப்புப் பென்சிலைக் கொடுத்து, “இந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பு தம்பி” என்றார்கள். நாக்கைத் துருத்திக்கொண்டு நிரப்பினாய். கோட்டுக்கு வெளியே ஓடைக்குள்ளும் கொஞ்சம் பழுப்பு போய்விட்டது. அந்தப் படம் இன்னமும் துறையின் இரும்பு பீரோவில் இருக்கும், பார். கோட்டைத் தாண்டிய பழுப்பு உன்னுடையது, கீழே கையெழுத்து என்னுடையது.

ஓய்வு பெற்றபின் நான் இங்கே வந்து வீடு எடுத்தபோது நீ எவ்வளவு சண்டை போட்டாய்! “அங்க இன்னாம்மா இருக்குது? ஆஸ்பத்திரிக்குக் கீழ எறங்கி வரணும்.” உனக்குக் கோபம் வந்தால்தான் இந்த ‘இன்னா’ எல்லாம் வெளியே வரும், மற்ற நேரத்தில் கருத்தரங்கத் தமிழ். எனக்குத் தெரிந்த மலைதானே, எத்தனை வருஷம் வந்திருக்கிறேன் என்று நானும் தெனாவெட்டாகச் சொன்னேன். ஐப்பசி வந்தது. ஒரு நாள் மழை விட்ட காலையில், பழைய முகாம் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி தவறிவிட்டேன். புவியியல் பேராசிரியை, கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்று பெருமை பேசிய பாதையில், வழி தவறி நின்றேன். பாதையே இல்லை. நாங்கள் காலை நனைக்காமல் தாண்டிய மணல் ஓடையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. எங்கே பார்த்தாலும் கதிர் முற்றித் தலை சாய்ந்த சாமை. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், “இங்க ஒரு காலி எடம் இருக்குமேம்மா, சமமா, பெருசா?” என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். “காலி எடமா? இந்த மாசத்துலயா?” என்றாள். நான் நின்றுகொண்டிருந்ததே அந்த இடத்து வரப்பில்தான்.

அவள்தான் குப்பம்மா. அந்தப் பெரியவரின் மருமகள். உன் வயசுதான் இருக்கும். புருஷன் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். பெரியவர் போனபின் அந்தக் கொல்லியை அவள்தான் பார்க்கிறாள். பட்டா கிடையாது, ரிக்கார்டில் புறம்போக்கு. இங்கே பாதிப் பேர் நிலம் அப்படித்தான். நல்ல வாய்க்காரி. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சாமை கொடுத்துவிட்டு, அதை நான் வேகவைக்கும் லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஊருக்கே உபதேசம் செய்கிற ஆளும் இல்லை, ஒடுங்கிப் போகிற ஆளும் இல்லை. தன் காரியத்தில் கண்ணாக இருக்கிறவள்.

இப்போது இந்த வருஷப் புரட்டாசிக்கு வருகிறேன். நீ அந்த இடத்தை மழைக்காலத்தில் பார்க்கவில்லை என்றால்கூட மன்னித்துவிடுவேன். நீ பார்த்தாய். என்ஜினியரையும் டிரோனையும் காரில் போட்டுக்கொண்டு வந்தாய். நானும் வந்தேன். கொல்லி முழுக்கச் சாமை நின்றது. முழங்காலுக்கு மேல், பச்சையாக, காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. உன் பேன்ட் நனைந்தது. அந்த நடுவில் நின்றுகொண்டு, கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்து நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

“இது எப்பம்மா போட்டீங்க?” என்று குப்பம்மாவைக் கேட்டாய்.

“ஆடில போட்டதுங்க சார்.”

“அத கேக்கல. ரெக்கார்டுல இது தொடர்ந்து தரிசு. யுனிவர்சிட்டி வருதுன்னு தெரிஞ்சி இந்த வருஷம் புதுசா போட்டிருக்கீங்க, இல்ல?”

அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னா சார் இப்பிடி கேக்கறீங்க? எங்க மாமனார் காலத்துலேர்ந்து போட்டுக்கினு இருக்கறது. யுனிவர்சிட்டி வந்தா இன்னா, வராட்டி இன்னா? ஆடி வந்தா வெதைக்கறோம்.”

நான் பொறுக்க முடியாமல், “டேய், சாமைடா. கண்ணு முன்னாடி நிக்குது” என்றேன். நீ டேப்லெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். “அம்மா, நீ போட்ட மேப்தான் இது. கீழ உன் கையெழுத்து இருக்குது பாரு.”

இருந்தது. என்ஜினியர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு டிரோனை ஏற்றினார். நீ மரியாதையாக, சத்தம் போடாமல், ‘ஆக்கிரமிப்பு’ என்று சொன்னாய். என் மகன், பயிருக்கு நடுவில் நின்றுகொண்டு, வரைபடத்தில் பயிர் இல்லை என்பதால் பயிரைச் சந்தேகப்பட்டான். விவசாயி செய்ய மாட்டான், மளிகைக்கடைக்காரர் செய்ய மாட்டார், பஸ் கண்டக்டர் செய்ய மாட்டார். நாம்தான் செய்வோம். அந்த விஷயத்தில் நம் துறைக்கு நல்ல பயிற்சி.

அன்று காரில் ஏறும்போது சமாதானமாக ஒன்று சொன்னாய். கையால் போட்ட படத்தை மட்டும் நம்பவில்லை, செயற்கைக்கோள் படங்களையும் வைத்துச் சரிபார்த்தாயிற்று, அவையும் தரிசு என்றே காட்டுகின்றன என்றாய். நானும் அதை நம்பி ஒரு வாரம் குழம்பினேன். அப்புறம் உன் மாணவி ஒருத்தியிடம் போனில் கேட்டேன். எந்த மாதத்துப் படங்கள் என்றேன். “ஜனவரி, பிப்ரவரி மேம். மழை மாசத்துல முழுக்க மேகமா இருக்கும், ஒண்ணும் தெரியாது. மேகம் இல்லாத படமாத்தான் எடுப்போம்” என்றாள் அந்தப் பெண், வெகுளியாக. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் பரீட்சை இல்லாத மாதம் பார்த்து வந்தோம். உங்கள் செயற்கைக்கோள் மேகம் இல்லாத மாதம் பார்த்து வருகிறது. இரண்டு பேரும் ஒரே ஜனவரியில் வந்து பார்த்துவிட்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்கிறோம். எத்தனை கோடி ரூபாய் எந்திரத்தை ஆகாயத்தில் ஏற்றினாலும் அதுவும் நம்மைப் போலவே வெயில் அடிக்கிற நாளில் வந்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

உன்னிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். அன்றைக்கு அபூர்வமாக மீட்டிங்கில் இல்லை. “சரிம்மா, நீ சொல்றது அக்கடமிக்கா கரெக்ட்” என்றாய். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. “ஆனா இந்த வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கலன்னா கிராண்ட் போய்டும். கிராண்ட் போனா டிபார்ட்மென்ட் போய்டும். இன்னா பண்ணச் சொல்ற? அந்த அம்மாவுக்கு ஸ்டேஷன்ல வேலை போட்டுக் குடுக்கறேன்.” உன் குரல் கம்மியது. எனக்கு அப்போது உன் மேல் இருந்த கோபம் எல்லாம் போய், பாவமாக இருந்தது. சரி, ஏதாவது வழி செய்வான் என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அந்த என்ஜினியர் வந்து குப்பம்மாவிடம், “அறுத்துட்டு காலி பண்ணிடும்மா, அடுத்த ஆடிக்கு ஏர் ஓட்டாத” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆதாரம் என்று எதைக் காட்டினார் தெரியுமா? நம் படங்களைத்தான். நீ நாக்கைத் துருத்திக்கொண்டு பழுப்பு அடித்த படத்தின் நகலும் அந்தக் காகிதக் கட்டுக்குள் இருந்திருக்கிறது; ஒன்றில் ஓடைக்குள்ளும் பழுப்பு ஓடியிருந்தது என்றாள் குப்பம்மா. அதற்குப் பிறகுதான் உன் அழைப்பிதழ் வந்தது.

நான் ஒன்றும் மலையைப் படம் பிடித்து மாட்டி வைத்துக்கொண்டு, எதையும் கட்டாதே என்று அழுகிற ஆள் இல்லை. உண்மையில் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவன் நீ. உனக்கு அந்த இடம் ஏன் வேண்டும்? சாலைக்குப் பக்கமா, இல்லை. தண்ணீர் வசதியா, இருக்கிற வசதி அதிகம். மழையில் ஓடை கொல்லியின் ஓரத்துக்கே வந்துவிடுகிறது. உனக்கு வேண்டியது நீ குல்லா போட்டுக்கொண்டு ஓடிய இடம். அம்மா டென்ட் வாசலில் உட்கார்ந்து டீ குடித்த இடம். அதில் அம்மாவின் பெயரைச் செதுக்கி ஒரு கல். எனக்குப் புரிகிறதுடா. புரிவதால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. பாசத்தை வைத்து நிலம் தேர்வு செய்யச் சொல்லி நான் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. யாரோ ஒரு தொண்டு நிறுவனம் கட்டிவிட்டு, கொஞ்ச நாள் தையல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கூரை உறுதியாக இருக்கிறது. நானே உள்ளே போய்ப் பார்த்தேன். கழிப்பறையைச் சரி செய்ய வேண்டும். உன் முதல் இனமே அதுதானே, செய். அங்கிருந்து மலைக்காட்சி தெரியாது, எதிரில் பஞ்சர் கடைதான் தெரியும். அடிக்கல் நாட்ட முடியாது, போட்டோ நன்றாக வராது. ஆனால் மாணவர்கள் எந்த மாதமும் வந்து தங்கலாம். முகாம் என்றால் மொத்த வகுப்பும் ஒரே பஸ்ஸில் வர வேண்டும் என்று யார் சொன்னது? நாலைந்து பேராக ஆடியில் வரட்டும், ஐப்பசியில் வரட்டும், மாசியில் வரட்டும். நவம்பரில் பரீட்சை என்பாய். பல்கலைக்கழகக் கல்விக்குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அட்டவணை மலையில் இருந்து இறங்கி வந்தது இல்லை, நாம் டீ குடித்துக்கொண்டே போட்டதுதான். மாற்றலாம். புதுக் கட்டடத்துக்கு என்று கொடுத்த பணத்தைப் பழைய கட்டடத்துக்குக் கேட்டால் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கேள். நீ கேட்டால் நடக்கும். உனக்குப் பேச வரும். துறையின் எதிர்காலத்துக்கு என்று இன்னும் ஒரே ஒரு காரியம் செய். வரைபடத்தில் வடக்கு போடுகிறோம், அளவுகோல் போடுகிறோம். எந்த மாதத்தில் பார்த்தோம் என்று போடுவதே இல்லை. அதைப் போடச் சொல்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ கத்துவாய். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான் கையெழுத்திட்ட வரைபடங்கள் எல்லாம் ஜனவரி மாதத்து நிலையை மட்டும் காட்டுபவை, அந்த நிலம் தரிசு என்பதற்கு அவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது, அங்கே ஒவ்வொரு வருஷமும் சாமை விளைகிறது, எந்தக் கட்டடத்துக்கும் என் பெயரை வைக்க வேண்டாம். இவ்வளவுதான். நேற்றுக் காலை தபாலில் போட்டுவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ போன் செய்திருப்பாய், உன் குரல் கம்மியிருக்கும், நான் கரைந்துபோய்க் கிழித்துப் போட்டிருப்பேன். நான் பணிபுரிந்த காலம் முழுவதும் செய்த வேலையை ஒரு பக்கத்தில் அடித்துவிட்டது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட வேதனை, அதன் பேரில் என் மகன் ஒரு நல்ல கொல்லியை மூடினான் என்று கேட்டுக்கொண்டு இதே ஊரில் உட்கார்ந்திருப்பது.

தபாலில் போட்ட கையோடு குப்பம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு எனக்கு. அவள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.

“இன்னா டீச்சர், என்னிய ஒரு வார்த்த கேக்காமலே எழுதிட்டீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உன் கொல்லிய காப்பாத்தத்தானே எழுதினேன்” என்றேன்.

“கொல்லி சரி. அந்த என்ஜினியரு சமையல் வேல தரேன்னு சொன்னாரே, அதுவும் போச்சா? கொல்லியும் வேணும், வேலயும் வேணும். எங்கூட்டு ஆள் பெங்களூர்லேர்ந்து வந்து வூட்டோட இருக்கணும்னா ரெண்டும் வேணும். அத எழுதனீங்களா?”

எழுதவில்லை. தோன்றவே இல்லை. ஐப்பசியில் வழி தவறி, அவள் வரப்பில் நின்று, அவள் சாமையைத் தின்று, அவள் சார்பாக ஆவேசமாக எழுதியவள், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. எப்போது போட்டாய் என்று மட்டும் கேட்டாய். நீ என் பிள்ளைதான் என்பதில் எனக்கு இனி எந்தச் சந்தேகமும் இல்லை.

கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, அவளே முடிவாகச் சொன்னாள். “வர்ற வாரம் அறுப்பு. உங்க புள்ளைய வரச் சொல்லுங்க. மேல பொம்மைய பறக்கவுட்டுட்டு சும்மா நிக்கறதுக்கு வேணாம். குனிஞ்சி அறுக்கச் சொல்லுங்க. அறுத்துட்டு அப்பறமா பேசிக்கலாம், வேலயையும் சேத்து.”

ஆகவே இது என் அழைப்பு இல்லை, அவளுடையது. என் மேல் இருக்கிற கோபத்தைக் கீழேயே வைத்துவிட்டு வர வேண்டாம்; கொண்டு வா, அறுப்பு முடிந்ததும் சாவகாசமாகச் சண்டை போடலாம். சாதாரண பஸ்ஸில் வா. வாந்தி வந்தால் வரட்டும். உன் மாணவிகளில் வர விரும்புகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வா, என் வீட்டுக் கழிப்பறை நன்றாக இருக்கிறது. அரிவாள் குப்பம்மா தருவாள். டென்ட் மட்டும் கொண்டுவராதே. போட இடம் இல்லை.

அம்மா